அறுபதுக்கு மேல் இட்டேரியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

அறுபது வயதுக்கு மேல் இட்டேரி மாதிரி மண் பாதையில் வண்டி ஓட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி சாய்ந்தால் நீங்களே தூக்கி நிறுத்துவீர்களா? நிறுத்துவேன் என்றால் ஓட்டலாம். முடியாது என்றால் இன்னும் எடை குறைந்த வண்டியாகப் பாருங்கள். அதையும் தூக்க முடியாது என்றால் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். எந்த வண்டி வாங்குவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது, பையில் என்ன எடுத்துப் போவது எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிற சமாசாரம்.

நான் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவன். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். ஸ்பேனர் பிடித்த கை என்பதால் வண்டி வேலை எனக்குப் புதிதில்லை. ஆனால் முட்டியும் இடுப்பும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் இது இருபது வயதுப் பையன்களுக்கான குறிப்பு இல்லை. குந்த வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைத் தேடுகிறவர்கள், கண்ணாடி போட்டால்தான் ஸ்பேனரில் இருக்கும் நம்பர் தெரிகிறவர்கள், காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் படிக்க வேண்டியது.

முதலில் எங்கே ஓட்டுவது என்பதைப் பேசிவிடலாம். மண் பாதை என்றதும் பலருக்கு மலைதான் ஞாபகம் வருகிறது. காட்டுக்குள் போகக் கூடாது. சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். ஆனைமலையும் புலிகள் காப்பகம்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். அதற்கு மேல் யானை இருக்கிறது, அது அபராதம் போட்டு அனுப்பி வைக்காது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் தார் ரோட்டுக் கணக்கு. ஆசைப்பட்டால் ரோட்டோடு போய் ரோட்டோடு திரும்புங்கள்.

நம்மூரில் மண் பாதைக்கு மலைக்குப் போகவே தேவையில்லை. வாசலைத் தாண்டினால் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், சக்கரம் தேய்ந்த இரண்டு பள்ளம், பள்ளங்களுக்கு நடுவே புல் மேடு. மழை வந்தால் தண்ணீரும் அதே வழியாகத்தான் போகும் என்பதால் அடியில் பொடி மணல் தேங்கியிருக்கும். காங்கேயம் பக்கம் இட்டேரியை விட்டு விலகினால் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விட்ட காடு. அது பட்டா நிலம், வேலிக்குள் வண்டியை விடக் கூடாது. தோட்டக்காரர் உங்கள் பங்காளியாக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கடவில், அதாவது வேலி வாசலில், படல் சாத்தியிருந்தால் திறந்து, போய், மறுபடி சாத்திக் கட்ட வேண்டும். ஒரு படலைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அன்றைக்குச் சாயங்காலம் மாடு தேடுகிறவன் சபிப்பது உங்களைத்தான்.

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காத்தாடிக்கு, அதாவது காற்றாலைக்கு, போட்ட கிராவல் ரோடுகள் இருக்கின்றன. நல்ல அகலம், வண்டி நடமாட்டம் குறைவு, மண் பாதை பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். கம்பெனி கேட் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். கோபி, பெருந்துறை பக்கம் கீழ்பவானி வாய்க்கால் ஓரமாக மண் தடம் போகிறது. பவானிசாகரில் ஆரம்பித்துச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் கரை ஊறிப்போய் ஓரம் சரியும். அப்போது அந்தப் பக்கம் வேண்டாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இட்டேரியில் தெரியாது. வளைவுக்கு முன்னால் ஹாரன், ஆட்டைக் கண்டால் இன்ஜினையே நிறுத்துவது, இரண்டும் என் பழக்கம். ஆடு ஓட்டி வந்த ஆத்தா ஒருத்தர் என் ஹெல்மெட்டையும் முட்டிக் காப்பையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, வழி கிழி தப்பிட்டீங்களா?" என்றார். "இல்லீங்காத்தா, சும்மா இப்படிக்கா போலாம்னு." "சும்மாவா? சும்மா போறதுக்கா இத்தனை மாட்டிக்கிட்டு?" என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

சரி, வண்டி. இட்டேரிக்கு என்றே பிறந்த வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல் 100தான். எடை 90 கிலோவுக்குள். புல்லுக்கட்டு, பால் கேன், தேங்காய் மூட்டை எதை ஏற்றினாலும் முனகாமல் போகும். சாய்ந்தால் பேத்திகூடத் தூக்கிவிடுவாள். ஆனால் சக்கரம் 16 அங்குலம், குழியில் இறங்கினால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். நெடுந்தூரம் போக ஆசை இருந்தால் முன் சக்கரம் 21 அங்குலமாக இருக்கிற வண்டி வேண்டும். பெரிய சக்கரம் கல்லிலும் குழியிலும் விழாமல் மேலே ஏறிப் போகும்.

என்னிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21, பின்னால் 18 அங்குலம், எடை சுமார் 160 கிலோ, இருக்கை உயரம் சுமார் 82 சென்டிமீட்டர். என் மச்சான் வைத்திருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. இருக்கை 80 சென்டிமீட்டர், ஆனால் எடை சுமார் 200 கிலோ. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது ஹிமாலயன்தான் கால் ஊன்ற வசதி. இட்டேரி மணலில் சாய்ந்த பிறகு அந்த இரண்டு சென்டிமீட்டர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, நாற்பது கிலோதான் ஞாபகம் இருக்கும். குள்ளமானவர்கள் இருக்கை மெத்தையைக் கொஞ்சம் செதுக்கித் தைத்துக்கொள்ளலாம். எடையைச் செதுக்க முடியாது.

பழைய யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அழகான வண்டிகள், ஒத்துக்கொள்கிறேன். ஆர்எக்ஸ் சுமார் 100 கிலோதான், தூக்குவது சுலபம். ஆனால் யெஸ்டி தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை மூடியது 1996ல். இன்றைக்கு நல்ல சாமானுக்கு அலைய வேண்டும். அதை மணலிலும் முள்ளிலும் விட்டு வதைக்காமல் சந்தைக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போங்கள்.

வாங்குவதற்கு முன் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். தெரிந்தவர் வண்டியில், புல் தரையில் செய்து பாருங்கள். முறை இது. இன்ஜினை அணையுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் திருகையும் மூடுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கி வையுங்கள், நிமிர்த்தியதும் அந்தப் பக்கம் போய் விழாது. இடது பக்கம் விழுந்திருந்தால் அந்த வசதி இல்லை, நிமிர்த்திய கையோடு பிடித்துக்கொண்டே ஸ்டாண்டைக் காலால் தள்ள வேண்டும். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டிலைக் கடைசி வரை திருப்புங்கள். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடியுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். தொடையின் பலத்தில், குட்டிக் குட்டி அடியாகப் பின்னால் நடங்கள். வண்டி தானாக எழும். குனிந்து நின்று கையால் இழுத்தால் வண்டி எழாது, இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். சரிவில் விழுந்து சக்கரம் மேட்டுப் பக்கம் இருந்தால் தூக்க முயலாதீர்கள். வண்டியை அப்படியே தரையில் அரை வட்டம் இழுத்துச் சுற்றி, சக்கரம் பள்ளப் பக்கம் வந்த பிறகு தூக்குங்கள்.

ஏறுவதிலும் ஒரு வழி இருக்கிறது. காலைத் தூக்கிப் போட இடுப்பு மடங்காதவர்கள் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நிற்பதைப் பார்க்கிறேன். முழு எடையும் அந்த ஒரு ஸ்டாண்டில் இறங்குகிறது, நாளடைவில் வளையும். அதைவிட வரப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, மேட்டில் நின்றபடி காலைப் போடுங்கள். வீட்டில் ஒரு கருங்கல் படி போதும்.

நின்று ஓட்டும்போது முதுகு வளைகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தால் ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தும் துண்டு போடலாம். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்தும் தருவார்கள். ஒயர், கேபிள், பிரேக் ஹோஸ் எதுவும் இழுபடாமல் ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே வெளியே எடுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருக்கும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கிளட்ச் கேபிள்தான் எமன். பழைய கேபிள் உள்ளே துருப்பிடித்துக் கனக்கும். அதைக் கழற்றித் தொங்கவிட்டு மேல் நுனியில் எண்ணெய் சொட்டினால் இறங்கிவிடும், அப்படியும் கனத்தால் புதிது மாற்றுங்கள், விலை அதிகமில்லை. லீவர் நுனியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும்.

வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். வயதானவர்கள் வீட்டில் வண்டி வேலையைக் கைவிடுவது வேலை தெரியாமல் இல்லை, குந்த முடியாமல்தான். வண்டியை மேலே ஏற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் கட்டுத்தாரையில் மாடுகள் நின்ற மேடை இப்போது காலி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். முன்னால் ஒரு கனமான பலகை சாய்த்து, இன்ஜினை ஓட விட்டு, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் ஏற்றுகிறேன். கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்வார். மேடையில் வண்டி, கீழே முக்காலியில் நான். செயினும் சக்கர அச்சான ஆக்ஸிலும் கண்ணுக்கு நேராக வந்துவிடும். பழைய வீட்டுத் திண்ணை இருந்தால் அதுவும் இதற்கு நல்ல இடம், வீட்டம்மா ஒத்துக்கொண்டால்.

எக்ஸ்பல்ஸுக்குச் சென்டர் ஸ்டாண்டு இருக்காது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்குக் கீழ் காரின் திருகு ஜாக்கியை வைத்து, நடுவில் ஒரு மரத்துண்டு கொடுத்து உயர்த்தலாம். முன் பிரேக் லீவரைப் பழைய டியூபில் வெட்டிய ரப்பரால் இழுத்துக் கட்டிவிட்டால் வண்டி முன்னே பின்னே நகராது. கழற்றும் நட்டு போல்ட்டுகளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, அடியில் கெட்டுப்போன ஸ்பீக்கரின் காந்தம். எல்லா எவர்சில்வர் தட்டிலும் காந்தத்தின் பிடி மேலே வராது, அடியில் காந்தத்தை வைத்து மேலே ஒரு நட்டு ஒட்டுகிறதா என்று பார்த்துத் தட்டைத் தேர்ந்தெடுங்கள். நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று அவசியம். ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி அடியில் இருக்கும், அதற்காகத் தரையில் படுக்க வேண்டாம். போனைக் கீழே நீட்டி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொருவர் வண்டியை நேராகப் பிடித்திருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும்.

இனி முள். கொங்கு நாட்டில் மண் பாதை ஓட்டுகிறவனுக்கு முதல் பகை மணலும் இல்லை, கல்லும் இல்லை. வெள்வேல முள், சீமைக்கருவேல முள், கிளுவை முள், வேலி வெட்டிப் போட்ட மாதத்தில் மூன்றும் சேர்ந்து. பஞ்சர் போடத் தெரியாமல் இட்டேரிக்குள் போவது நடந்து வருவதற்குத் தயாராவதுதான்.

ரோட்டில் 25, 28 பிஎஸ்ஐ வைக்கிற டயரை மண்ணுக்கு 18, 20 வரை இறக்கலாம். டயர் அகன்று பிடிக்கும், குலுக்கலும் குறையும், நம் தோளுக்கு நல்லது. அதற்குக் கீழே போகாதீர்கள். டியூப் போட்ட டயரில் காற்று ரொம்பக் குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றினால் வால்வே பிய்ந்து வரும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றை ஏற்ற வேண்டும். இதற்குப் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையால் அடிப்பது வீரம்தான், தோள்பட்டைக்குத் தெரியாது. கைப்பம்பும் பையில் இருக்கட்டும், ஆனால் சில சைக்கிள் பம்புகளின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்குச் சேராது. கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பையில் வைக்க வேண்டியது: முன் சக்கரத்து 21 அங்குல டியூப் ஒன்று (அவசரத்துக்குப் பின்னாலும் திணித்து வீடு வந்து சேரலாம்), டயர் லீவர் இரண்டு, ஆக்ஸில் நட்டுக்கு ஸ்பேனர், வால்வு ஊசி கழற்றும் சாவி, ஒட்டுப் பட்டையும் சொல்யூஷனும், ஒரு சிட்டிகை முகப்பவுடர், ஒரு பழைய துணி. வழியில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், புது டியூபை மாட்டிவிட்டு ஓட்டை டியூபை வீட்டில் நிழலில் ஒட்டுங்கள்.

முறையாகச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றியதும் வால்வு ஊசியை எடுத்து மிச்சக் காற்றையும் விடுங்கள், வால்வைப் பிடித்திருக்கும் நட்டையும் கழற்றுங்கள். டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டியிருக்கும், பூட்ஸ் குதிகாலால் சுற்றிலும் மிதித்துப் பிரியுங்கள். பிரியவில்லை என்றால் கூட வந்தவரின் வண்டி சைடு ஸ்டாண்டை அந்த ஓரத்தில் வைத்து வண்டியை மெல்லச் சாய்க்கலாம். இனி நுட்பம் ஒன்றுதான். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். இறங்காமல் ரிம் மேட்டிலேயே நின்றால் பயில்வான் வந்தாலும் வராது. முட்டியை எதிர்ப்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டே லீவரைப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு விரல்கடை தூரம்தான் நகர வேண்டும். பேராசைப்பட்டுத் தள்ளிப் போட்டால் லீவரும் வளையும் மணிக்கட்டும் சுளுக்கும்.

டியூபை எடுத்த பிறகு டயருக்குள் வெறும் விரலை விட்டுத் தடவாதீர்கள். துணியை விட்டுத் தடவுங்கள், முள் துணியை இழுக்கும். வெள்வேல முள் உள்ளே முறிந்து நிற்கும், வெளியே தலை தெரியாது. ஒன்றை எடுத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள். புது டியூபுக்குப் பவுடர் தடவி, வடிவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று வைத்து, முறுக்கில்லாமல் உள்ளே வையுங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் ரிம் பள்ளத்தை அடைத்திருப்பதால் டயர் ஓரம் அங்கே இறங்காது. அந்த இடத்தில் ஆரம்பித்தால் கடைசியில் தளர்வே கிடைக்காமல் லீவரை முரட்டுத்தனமாகப் போட்டுப் புது டியூபைக் கிழிப்பீர்கள். முடித்ததும் வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள், டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். இதையெல்லாம் முதல் தடவை இட்டேரியில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே மேடையில் செய்து பழகுங்கள்.

செயினுக்கு ஒரே எச்சரிக்கை: இன்ஜினைக் கியரில் ஓட விட்டுச் செயின் துடைக்காதீர்கள். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் துணி சிக்கினால் விரல் துணியோடு போகும். மில்லில் ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்று போர்டு மாட்டியிருந்தோம், வீட்டுக் கட்டுத்தாரையில் அந்த போர்டு இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ, நல்ல பிரஷ், அப்புறம் காய்ந்த துணி. கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போட்ட செயினுக்குப் பெட்ரோலும் கம்பிப் பிரஷும் ஆகாது, ரப்பர் கெடும். துடைத்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கமாகச் சொட்டுங்கள், மிச்சத்தை வழித்துவிடுங்கள். வழிக்காமல் விட்டால் இட்டேரிப் புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

செயின் தளர்வு எவ்வளவு என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். மண் பாதை வண்டிகளுக்குச் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஓடும் தூரம் அதிகம், குழியில் அமுங்கும்போது செயின் இறுகும். அதனால் இந்த வண்டிகளில் ரோட்டு வண்டியைவிடக் கொஞ்சம் கூடவே தளர்வு கேட்பார்கள். சக்கரத்தைச் சுற்றிச் செயின் எங்கே ரொம்ப இறுக்கமோ அங்கே அளந்து பாருங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் புள்ளியில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிறவர்கள் மறுபடி செயின் வாங்குவார்கள்.

ஏர் ஃபில்டரைக் கோடையில் அடிக்கடி திறந்து பாருங்கள். முன்னால் போகிற வண்டியின் புழுதியைக் குடித்துக்கொண்டு போனால் ஃபில்டரும் குடிக்கும், இடைவெளி விடுங்கள். ஃபோம் ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய்ப் பசை ஏற்றிய காகித ஃபில்டரைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, அழுக்கானால் புதிதுதான்.

இன்ஜின் ஆயிலில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள், ஆயில் இறக்கும் திருகின் வாஷரைப் பாருங்கள், திருகை முறுக்கிக் கொல்லாதீர்கள். அலுமினிய மரை போனால் செலவு பெரிது. டப்பாவில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான தரக்குறி ஜாஸோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயில் மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பழைய ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்கால்களில் ஊற்றுவது நம் பக்கம் பழைய வழக்கம். கிணறு பக்கத்தில் இருக்கிறது, டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்; பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஸ்போக்கை மட்டும் காதால் பார்க்கிறேன். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால் இறுகிய ஸ்போக் "டிங்" என்னும், தளர்ந்தது "டொக்" என்னும். தளர்ந்ததைக் கால் சுற்று மட்டும் முறுக்கி மறுபடி தட்டிக் கேளுங்கள். பக்கம் பக்கமாக நாலைந்து தளர்ந்திருந்தால் கை வைக்காமல் சக்கரம் கோக்கிறவரிடம் கொண்டு போங்கள், ரிம் கோணிவிடும்.

ஓட்டுவதில் நம் வயதுக்கென்று சில உண்டு. வண்டித்தடப் பள்ளத்தில் இறங்கினால் அதிலேயே போங்கள், நடு மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்கு மாறும் இடத்தில்தான் முன் சக்கரம் வழுக்கும். பார்வை பத்தடி முன்னால் இல்லை, இட்டேரியின் கடைசி வரை இருக்க வேண்டும். மணலில் எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்து, முன் பிரேக்கைத் தொடாமல் போங்கள். முழுக்க நின்று ஓட்ட வேண்டியதில்லை. குலுங்கும் இடத்தில் நின்று, சமதளத்தில் உட்கார்ந்து போனால் முட்டி மாலை வரை தாங்கும். வண்டி சாய்கிறது என்று தெரிந்த பிறகு காலை நீட்டித் தடுக்காதீர்கள். மெதுவாகப் போகும் வண்டி விழட்டும், விட்டுவிட்டு ஒதுங்குங்கள். ஊன்றிய காலில் 160 கிலோ திரும்பினால் முட்டி ஜவ்வு கிழியும், வண்டிக்கு வளைவது ஒரு லீவர்தான். அதனால்தான் கணுக்கால் மூடும் கெட்டியான பூட்ஸும் முட்டிக் காப்பும் சொல்கிறேன். செருப்போடு வருகிறவர்களை நான் கூட்டிப் போவதில்லை.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதியத்துக்கு மேல் பலமாக அடிக்கும். காத்தாடி ரோடுகளில் வேலி மறைவு முடிகிற இடத்தில் திடீரென்று பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதங்களில் விடியற்காலை கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்புவது நல்லது. மழைக்குப் பிறகு கரிசல் பக்கம் போகாதீர்கள், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரமே நின்றுவிடும். செம்மண் பக்கம் பரவாயில்லை.

பிரஷருக்குச் சிறுநீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் சீக்கிரம் வறண்டுவிடுவார்கள், தண்ணீர் தாராளமாக வேண்டும். சர்க்கரைக்காரர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விழுந்தால் வெளிக்காயம் இல்லாமலே உள்ளே கசியலாம். மருத்துவரிடம் கேட்காமல் மண் பாதைக்கு வராதீர்கள். போனில் இருக்கும் இடத்தை வீட்டுக்குத் தெரிகிற மாதிரி போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காகிதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயது தாண்டினால் லைசென்ஸ் ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள், மருத்துவச் சான்றும் வேண்டும். 15 வருடம் ஆன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. பழைய வண்டிக்காரர்கள் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லா வேலையையும் வீட்டில் செய்ய வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். இன்ஜின் வால்வு இடைவெளி, முன் ஃபோர்க் ஆயில், ஹேண்டில் பேரிங், இதெல்லாம் நான் பட்டறைக்கே கொடுக்கிறேன். சக்கர பேரிங் மாற்ற வேண்டும் என்றால் வண்டியை மேடையிலேயே விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் கழற்றி எக்ஸ்எல்லில் முன்னால் வைத்து எடுத்துப் போகலாம். கூலியும் குறையும், வண்டி பட்டறையில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். கழற்றுவதற்கு முன் ஆக்ஸில் எந்தப் பக்கத்திலிருந்து செருகியிருந்தது, ஆக்ஸிலில் கோக்கும் வளையமான ஸ்பேசர் எது இடம், எது வலம் என்று இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.